கியூபிசம் ஓவியங்களில் முகம் ஏன் உடைந்து கிடக்கிறது?

ஒரு பொருளைப் பல கோணங்களில் பார்த்து, அத்தனையையும் ஒரே பரப்பில் சேர்த்து வரைவதுதான் கியூபிசம். 1907 முதல் 1914 வரை பாரிஸில் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் இதை வளர்த்தெடுத்தார்கள். உள்ளதை உள்ளபடி காட்டும் வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டிருந்ததால், ஓவியம் வேறு வழி தேடியது.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒரு யாளித் தூணைச் சுற்றி வாருங்கள். முன்னால் நின்றால் பிதுங்கிய கண்கள், பல்வரிசை. இரண்டடி நகர்ந்தால் வளைந்த கழுத்து, தூக்கிய கால்கள். பிறகு அகழியோரம் உட்கார்ந்து கண்ணை மூடினால் எல்லாம் ஒருசேர எழும். அந்த நினைவைத்தான் கியூபிசம் துணியில் தீட்டுகிறது. இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கியூபிசம் வரையத் தெரியாதவர்களின் கிறுக்கல் என்பது தவறு: நோயாளியின் நாடியை மருத்துவர் பார்க்கும் காட்சியை, பிக்காசோ 15 வயதிலேயே அச்சு அசலாகத் தீட்டியிருக்கிறார்.