ஒன்பது கோடைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் என் நண்பனும் சில வருடங்களாகக் கணினியில் ஒரு பாஸ்கெட்பால் லீக் நடத்துகிறோம். கற்பனை ஆட்டக்காரர்களை வைத்து அணியை நிர்வகிக்கும் பாஸ்கெட்பால் ஜிஎம் விளையாட்டு; ஒரே லீக், ஆளுக்கொரு அணி. போன டிராஃப்டில், அதாவது புதுமுகங்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் ஆளாக நான் ஒரு பாயிண்ட் கார்டை (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவன்) எடுத்தேன். அடுத்ததாக அவன் ஒரு சென்டரை (கூடையடியில் ஆடும் உயரமான ஆள்) எடுத்தான். ஒரு சீசன் முடிந்திருக்கிறது. என் ஆள் ஓவரால் (இன்றைய திறன்) 52, பொட்டென்ஷியல் (இனி எட்டக்கூடிய திறன்) 68, ஆட்டத்துக்கு 21 புள்ளி. அவன் ஆள் ஓவரால் 57, பொட்டென்ஷியல் 62, 13 புள்ளி, 11 ரீபவுண்ட் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது). இருந்தும் தன் ஆள்தான் உசத்தி என்று சாதிக்கிறான். பத்து நாளாக எங்களுக்குள் பேச்சு இல்லை. லீக்கின் கணினிக் கோப்பை இணைத்திருக்கிறேன். இருவரில் யார் பெரிய ஆட்டக்காரனாக வருவான்? நீங்கள் சொன்னால் அவன் ஒத்துக்கொள்வான். இதற்கெல்லாம் நேரம் செலவழிப்பது தவறா என்றும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச,

கடைசிக் கேள்விக்கு முதலில். தவறில்லை. இல்லாத ஊரில் இல்லாத மனிதர்களுக்கு நேரும் துயரத்தை நினைத்து நான் வருடக்கணக்கில் தூக்கம் கெட்டிருக்கிறேன். அதற்கு நாவல் என்று பெயர் வைத்துவிட்டதால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நீங்களும் தலையைக் குனியாமல் ஆடுங்கள்.

‘யார் பெரியவன்’ கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், போன வாரம் பழைய மடிக்கணினியைத் துடைத்து வைக்கும்போது என்னுடைய லீக் கோப்பு ஒன்று கண்ணில் பட்டது. அதற்கு வருகிறேன்.

முதலில் உங்கள் 21 புள்ளி. கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்த 21 புள்ளியை எடுக்க உங்கள் பையன் ஆட்டத்துக்கு 20 முறை எறிகிறான், மேற்கொண்டு 4 ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிதல்). எறிதல் எவ்வளவு பலிக்கிறது என்று பார்க்கும் ட்ரூ ஷூட்டிங் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: எறிந்த எண்ணிக்கையோடு ஃப்ரீ த்ரோவில் 0.44 பங்கைக் கூட்டி, இரண்டால் பெருக்கி, அதைக் கொண்டு புள்ளிகளை வகுக்க வேண்டும். உங்கள் ஆளுக்கு 48 சதவீதம் வருகிறது. இன்றைய அமெரிக்க என்பிஏ லீக்கின் சராசரியே 57, 58 வாக்கில் இருக்கிறது. நண்பரின் சென்டர் 9 எறிதல், 3 ஃப்ரீ த்ரோவில் 13 புள்ளி எடுக்கிறான், 63 சதவீதம். உங்கள் அணியில் பந்தைத் தொட வேறு ஆளில்லை, அதனால் அவன் எறிகிறான். இதைச் சாதனை என்று நண்பரிடம் காட்டியிருக்கிறீர்கள். அவர் பேச்சை நிறுத்தியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இன்னொன்று. உங்களுக்குச் சாதகமான ஒரே விஷயத்தை நீங்கள் கடிதத்தில் எழுதவே இல்லை. உங்கள் பையனுக்கு வயது 20, நண்பரின் சென்டருக்கு 23. ஒரே டிராஃப்டில் வந்ததால் ஒரே வயது என்று நினைத்துக்கொண்டீர்களா? 1980இல் என்பிஏவில் லாஸ் ஏஞ்சலஸின் மேஜிக் ஜான்சனுக்கும் பாஸ்டனின் லாரி பேர்டுக்கும் இதே வயதுதான், 20, 23. இருவருக்கும் அது முதல் சீசன். அதற்கு முந்தைய சீசனில் 29 ஆட்டம் மட்டுமே வென்ற பாஸ்டனைப் பேர்டு 61 வெற்றிக்குக் கொண்டுபோனார். சிறந்த புதுமுக விருதும் அவருக்கே. ஆனால் மே மாதம் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், காயம்பட்ட சக ஆட்டக்காரர் கரீம் அப்துல் ஜபாருக்குப் பதில் சென்டர் இடத்தில் இறங்கி, 42 புள்ளியும் 15 ரீபவுண்டும் 7 அசிஸ்டும் (கூடைக்கு வழிவகுத்த பாஸ்) எடுத்துக் கோப்பையை வாங்கிக்கொடுத்தவர் அந்த 20 வயதுப் பையன், மேஜிக். அந்த மே மாதத்தில் உங்களைப் போல் எத்தனை பேர் நண்பர்களோடு முறைத்துக்கொண்டார்களோ.

அவர்கள் வேறு வேறு பிரிவில் ஆடியதால் சாதாரண சீசனில் வருடத்துக்கு இரண்டு முறைதான் நேருக்கு நேர் வந்தார்கள். மற்ற நாளெல்லாம் பத்திரிகையில் வரும் ஸ்கோர் கட்டத்தில், நேற்று அவன் எத்தனை எடுத்தான் என்று ஒருவர் மற்றவரைத் தேடினார்கள். உங்கள் லீக்கில் அது நடப்பதில்லை. இந்தப் பையன் அந்தப் பையனைத் தேடுவதில்லை. நிரலில் பகை என்று ஒரு வரி கிடையாது. தேடுகிறவர்கள் நீங்கள் இருவரும்தான்.

பொட்டென்ஷியலுக்கு வருகிறேன். 68 பெரிது, 62 சிறிது என்று அடுத்த தெரு வீட்டு மார்க்‌ஷீட்டைப் பார்ப்பதுபோல் பார்க்கிறீர்கள். அந்த எண் பையனுக்குள் இருக்கும் பொருள் அல்ல. இந்த வயதில் இந்த ரேட்டிங் உள்ளவன் எங்கே போய் நிற்கக்கூடும் என்ற ஊகம், அவ்வளவே. அதுவும் டிராஃப்ட் நேரத்தில் உண்மை ரேட்டிங்கை விளையாட்டு உங்களுக்குக் காட்டுவதே இல்லை. வேண்டுமென்றே சற்றுக் கலங்கலாகத்தான் காட்டுகிறது. ஸ்கவுட்டிங்குக்கு, அதாவது ஆட்களை நோட்டமிட, பணம் போட்டால் கலங்கல் கொஞ்சம் தெளியும். பிறகு ஒவ்வொரு கோடையிலும் பிளேஆஃப் எனும் சீசன் இறுதிச் சுற்றுகள் முடிந்ததும் வேகம், தாவல், பாஸ், மூன்று புள்ளி எறிதல் என்று ஒவ்வொன்றுக்கும் பகடை உருள்கிறது. வயது குறைந்தவனுக்குப் பகடை பெரிதாக உருளும். விழுந்ததைப் பார்த்துப் பொட்டென்ஷியலும் மாறும். இந்த வருடம் 68, அடுத்த வருடம் 61, அதற்கடுத்து 70. எந்த 68க்காக நீங்கள் பத்து நாள் பேசாமல் இருக்கிறீர்கள்?

இப்படி நீட்டி முழக்குவதற்குக் காரணம், இதே எண்ணிடம் நான் ஏமாந்தவன்.

என் அணியில் ஒரே டிராஃப்டில் வந்த இரண்டு கார்டு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஒருவனுக்குப் பொட்டென்ஷியல் 71, மற்றவனுக்கு 62. சின்ன எண்காரனைக் கொடுத்து ஒரு மூத்த ஆட்டக்காரரை வாங்கினேன். அந்தக் கோடையில் நான் விற்றவன் 48இலிருந்து 57க்குத் தாவினான். நான் வைத்துக்கொண்டவன் இரண்டு இறங்கினான். இரவு பதினொன்றரை மணி. திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சையில் +9. சொந்தப் பிள்ளையை விற்றவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பிளேஆஃபுக்கு முன்னால் கோப்பைப் பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதை ஏற்றி அதே கோடையை மறுபடி ஓட்டினேன். இருவரும் ஒன்றிரண்டு கூடினார்கள். மறுபடி. இந்த முறை இருவருமே இறங்கினார்கள். நான்காவதில் என் ஆளின் முழங்கால் போயிற்று. ஐந்து, ஆறு, ஏழு. ஒன்பதாவது கோடையில் என் பையன் எட்டு ஏறினான், விற்கப்பட்டவன் அப்படியே நின்றான். அங்கே நிறுத்திக்கொண்டேன். அந்தக் கோப்பிலேயே பன்னிரண்டு சீசன் ஆடினேன். என் பையன் இரண்டு முறை எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்கினான். அவன் ஜெர்சி எண்ணை இனி யாருக்கும் தராமல் ஓய்வுபெற வைத்தேன். அவனைக் கண்டுபிடித்த என் கண்ணைப் பற்றி நண்பர்களிடம் பெருமையடித்தேன்.

போன வாரம் கண்ணில் பட்டது அந்தக் கோப்பு. அவன் பக்கத்தைத் திறந்தேன், மூடிவிட்டு மற்றவனைத் தேடினேன். ஆறு சீசன், நான்கு அணிகள், பிறகு எந்த அணியும் எடுக்கவில்லை. முதல் கோடையில் அவன் யாராக இருந்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்தக் கோடையின் கோப்பையும் அழித்துவிட்டேன்.

2007 என்பிஏ டிராஃப்டில் கிரெக் ஓடனை முதலாவதாக எடுத்த போர்ட்லாந்துக்காரர்களை இன்றும் கேலி செய்கிறார்கள். அவர்கள் மூடர்கள் அல்ல. அடுத்த இடத்தில் போன கெவின் டுரான்ட் பெரிய நட்சத்திரமாவார் என்பதும், ஓடனின் முழங்கால்கள் அவரை என்பிஏவில் மொத்தம் 105 ஆட்டங்களே ஆடவிடும் என்பதும் அன்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. பாவம், அவர்களிடம் பிரதி எடுத்த கோப்பு இல்லை.

உங்கள் கேள்வி மறக்கவில்லை. இன்று நல்ல ஆட்டக்காரன் சென்டர்தான், சந்தேகமே வேண்டாம். நாளைக்கு, வயதை வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால் உங்கள் பையன் மேல் கட்டுவேன், சின்னத் தொகை. நண்பருக்கு இன்றைக்கே ஃபோன் செய்யுங்கள். இதில் முதல் பாதியை மட்டும் சொன்னால் போதும்.

பிறகு ஒன்று. நீங்கள் இணைத்திருந்த கோப்பின் பெயர் முடிவில் அடைப்புக்குறிக்குள் 4 என்று இருக்கிறது. மற்ற மூன்றும் எங்கே, ச?