நகை லாக்கரிலேயே இருக்கட்டும்

கேள்வி: என் மகள் பி.காம். முடித்துவிட்டு, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலையில் இருக்கிறாள். ஒன்றரை வருடமாகத் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். வேலை முடிவதே இல்லை, திட்டு வாங்குகிறேன் என்று அழுகிறாள். வேலையை விட்டுவிட்டு புராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிக்கப் போகிறாளாம். நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா.

அவள் சொல்லும், புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழுக்கு, டிகிரி படித்தவர்களுக்கே குறைந்தது 3 வருடம் புராஜெக்டை முன்னின்று நடத்திய அனுபவம் வேண்டும். அனுபவம் கேட்காத, தொடக்க நிலைச் சான்றிதழான சி.ஏ.பி.எம். என்று ஒன்று இருக்கிறது. 23 மணி நேரப் பயிற்சி முடித்தால் தேர்வு எழுதலாம். அதற்கும் வேலையை விட வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

போன சனிக்கிழமை மஞ்சக்குப்பத்தில் என் அலுவலகத்துக்கு உங்கள் மகள் வந்திருந்தபோது அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் 31 வேலை. ‘பிரின்டருக்கு டோனர் சொல்லணும்’ ஒரு வரி. அதற்குக் கீழே ‘ஜி.எஸ்.டி. முடிக்கணும்’, அதுவும் ஒரு வரி! முதலாவது ஒரு போன் கால். இரண்டாவது பத்து நாள் வேலை.

அந்த ஒரு வரியை உட்கார்ந்து பிரித்தோம், ஏழு துண்டு வந்தது. விற்பனை பில்களைச் சேர்ப்பது, பார்ட்டியின் ஜி.எஸ்.டி. நம்பர் தமிழ்நாட்டின் 33-ல் தொடங்குகிறதா புதுச்சேரியின் 34-ல் தொடங்குகிறதா என்று பார்ப்பது (ஒரு மணி நேரப் பஸ் தூரம்தான், ஆனால் கடலூர் பார்ட்டி வேறு மாநிலம் என்பதால் ஐ.ஜி.எஸ்.டி., லாஸ்பேட்டை பார்ட்டி புதுச்சேரிக்குள்ளேயே என்பதால் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும்) என்று வரிசையாக. ஏழில் மூன்று அவள் கையிலேயே இல்லை. திரும்பி வந்த சரக்குக்கான சீட்டு குடோனிலிருந்து வர வேண்டும். சீட்டு வந்தால்தான் பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் போடலாம், போட்டால்தான் கணக்கு டேலி ஆகும், அதன்பிறகு ஆடிட்டர் பார்க்க வேண்டும், கடைசியில்தான் அப்லோடு. விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 11-ம் தேதி. குடோன் சீட்டு எப்போது வருகிறது என்று கேட்டேன். “9-ம் தேதி சாயங்காலம் சார்” என்றாள்.

அழுகைக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும் வேலைகளில் நீளமான சங்கிலி எதுவோ, அதில் ஒரு நாள் தள்ளினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும். மற்றவற்றில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் குடி முழுகாது. இதைத்தான் கிரிட்டிக்கல் பாத் என்கிறார்கள். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி தன் ரசாயன ஆலை வேலைகளுக்காக உருவாக்கிய கணக்கு இது. உங்கள் மகள் இனி குடோனுக்கு 3-ம் தேதியே போன் செய்ய வேண்டும், 5-ம் தேதிக்குள் சீட்டு கைக்கு வர வேண்டும். டி.டி.எஸ். கட்டக் கடைசி நாள் 7, பி.எஃப். கட்ட 15, ஜி.எஸ்.டி. கட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி ரிட்டர்னுக்கு 20: இவற்றையும் இப்படியே பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

மீதி வேலைகளுக்கு ஒரு சார்ட் பேப்பர் போதும். டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து வந்த கன்பான் முறையில், செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று கட்டம் போட்டுச் சீட்டு ஒட்டுவார்கள். நான் நான்காவதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன்: ‘அவங்க கையில்’. அதில் ஆளின் பெயரும் கேட்ட தேதியும் இருக்க வேண்டும். ‘செய்துகொண்டிருப்பது’ கட்டத்தில் மூன்று சீட்டுக்கு மேல் கூடாது. பலரும் கட்டத்தைப் போட்டுவிட்டு இந்த மூன்று என்ற வரம்பை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் அது வெறும் சுவர் அலங்காரம். மேனேஜர் நான்காவது வேலையோடு வந்தால் சார்ட்டைக் காட்டி, “இதில் எதை இறக்கி வைக்கட்டும் சார்?” என்று கேட்கலாம். முதல் தடவை முறைப்பார், பரவாயில்லை.

மொபைல் ஆப்பெல்லாம் பிறகு. நானே ஒரு ஆப்பை இறக்கி, 60 வேலைகளை ஏற்றி, நாள் முழுக்கச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பையனின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் அந்த வண்ணத்துக்குள் காணாமல் போனது. கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு அவன் அப்பாவும் நானும் சர்வரோடு மல்லுக்கட்டினோம்.

சிப்காட் ஆலைகளில், ஆலையை நிறுத்திப் பராமரிக்கத் திட்டமிடும் ஷட்டவுன் பிளானிங் மாதிரி வேலைகளுக்குப் பெரும்பாலும் இன்ஜினியர்களைத்தான் எடுக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். பி.காம். பெண்ணுக்கு வழி இருப்பது புராஜெக்ட் அக்கவுன்ட்ஸ், பில்லிங், கோஆர்டினேட்டர் பக்கம். அங்கே இன்டர்வியூவில், “முன்பு 11-ம் தேதி ராத்திரி ரிட்டர்ன் போட்டோம், நான் வரிசையை மாற்றியபிறகு 9-ம் தேதியே போடுகிறோம்” என்று அவள் சொல்ல முடிந்தால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். அதைச் சொல்ல அவள் இந்த வேலையில் இன்னும் சில மாதம் இருந்தாக வேண்டும்.

அடுத்த மாதம் 11 கழிந்ததும் இருவரும் வாருங்கள். சார்ட்டைச் சுருட்டி எடுத்துவரச் சொல்லுங்கள்.