புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு இருமினால், பெட்டி தூக்கினால் சிறுநீர் கசிவது ஏன்?

நம்மை அறியாமல் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் வெளியேறுவதுதான் சிறுநீர்க் கசிவு. புராஸ்டேட் சுரப்பி, சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்ப் பாதையைச் சுற்றி இருக்கிறது. பாதையை மூடித் திறக்கச் சுரப்பிக்கு மேலும் கீழும் தசை வளையங்கள் உண்டு. புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுக்கும்போது மேல் வளையம் பெரும்பாலும் பலமிழந்துவிடும். அப்புறம் கீழ் வளையம் தனியாகத் தாங்க வேண்டியதுதான்.

பாம்பன் கரையில் இரண்டு கயிற்றில் கட்டிய நாட்டுப்படகை நினைத்துப் பாருங்கள். ஒரு கயிறு போனாலும் அமைதியான கடலில் படகு நிற்கும். கச்சான் காற்றில் அலை எழுந்தால் மிச்சக் கயிறு திணறும். இருமலும் தும்மலும் ஐஸ் பெட்டி தூக்குவதும் அந்த அலைதான்.

மிச்சக் கயிற்றை முறுக்கேற்ற முடியும். அறுவையின்போது சிறுநீர் வடிய வைத்த குழாயை எடுத்த பிறகு, மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். காற்றுப் பிரிவதை அடக்குவது போல உள்தசையை இறுக்கி, ஐந்து விநாடி பிடித்து, விடுங்கள். பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. எதையும் தூக்கும் முன் ஒரு இறுக்கு இறுக்கிக்கொள்ளுங்கள். இது உடனே கைகொடுக்கும். பலருக்கும் கசிவு குறைய சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரை ஆகும். அதுவரை பேடு வைத்துக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். ஈரமானால் உடனே மாற்றுங்கள், உப்புக் காற்றிலும் வேர்வையிலும் தோல் சீக்கிரம் புண்ணாகும்.

தண்ணீரைக் குறைத்தால் கசிவு நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தி, சிறுநீர் கழிக்கும் அவசரத்தைக் கூட்டும், குறைக்க வேண்டியது டீயும் காபியும்தான்.