சடங்கு வேறு, நாற்பது பவுன் வேறு

கேள்வி: என் வயது 28. தஞ்சாவூரில் ஆசிரியையாக இருக்கிறேன். வாசகர் வட்டம் ஒன்றில் பழகிய ஒருவரை ஐந்தாண்டுகள் காதலித்தேன். புரோகிதரும் வரதட்சணையும் இல்லாமல் மணப்பதென்று இருவரும் முடிவெடுத்திருந்தோம். கடைசியில் அவர், தாயாரின் மனநிறைவுக்காக வைதீகச் சடங்கும் நாற்பது பவுனும் வேண்டும் என்றார். மறுத்துவிட்டேன். இப்போது அவருக்கு வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது. ஆனாலும் இரவில் அழைத்து, "கொள்கையளவில் நான் மாறவில்லை" என்கிறார். பிடிவாதத்தால் நல்ல இடத்தை இழந்தேன் என்கிறார்கள் வீட்டில். நான் செய்தது தவறா?

பதில்: தவறில்லை, சகோதரி. ஆனால் நீங்கள் மறுத்தவை இரண்டு. அவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும். சடங்கு விஷயத்தில், பெரியவர்களுக்காக நீங்கள் சற்று இறங்கி வந்திருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். இறங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லும் உரிமை மட்டும் யாருக்கும் இல்லை. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் சுயமரியாதைத் திருமணம் நடந்தபோது அதற்குச் சட்டத்தின் துணை கிடையாது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மணமொன்று செல்லாது என்றே தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சராக இருந்த 1967இல் இந்துத் திருமணச் சட்டம் திருத்தப்பட்டு, முன்பு நடந்த மணங்களும் சேர்த்து ஏற்கப்படும்வரை, அந்தத் தம்பதியர் தங்கள் பிள்ளைகளின் சொத்துரிமையையே பணயம் வைத்து வாழ்ந்தார்கள். இன்று உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும்.

நாற்பது பவுன் அப்படி இறங்கிவரக்கூடிய விஷயமன்று. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி, கேட்பதும் வாங்குவதும் மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்குச் செய்வதைச் செய்யுங்கள்" என்று வழக்கமாகப் போர்த்தும் போர்வைகூட இங்கே இல்லை. தாயார் விரும்பியதாகவே இருக்கட்டும். அதை மகன் தம் வாயால் உங்களிடம் வந்து கேட்டபோது அது அவருடைய கோரிக்கையாகிவிட்டது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த இரவு அழைப்புகள்தாம். உறவு முடிந்துவிட்டது என்று எழுதும் நீங்கள், கொள்கையைப் பற்றிய பேச்சு என்ற பெயரில் அதைத் தொடர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தம் மனச்சான்றை ஆற்றிக்கொள்ள அவருக்கு உங்கள் குரல் தேவைப்படுகிறது. அவர் இன்னும் பழையவர்தான் என்று நம்ப உங்களுக்கும் அது தேவைப்படுகிறது. அதே வேளையில், எங்கோ ஒரு வீட்டில், இதெல்லாம் தெரியாத ஒரு பெண்ணுக்கு நகை செய்துகொண்டிருப்பார்கள். வரதட்சணை கூடாது என்று உறுதியாக நின்ற நீங்கள் அந்தப் பெண்ணை நினைக்காமல் இருக்கலாமா? ஒரே ஒருமுறை காரணத்தைச் சொல்லிவிட்டு, அழைப்புகளை நிறுத்திவிடுங்கள். அவர் மீது கோபம் இருந்தால் இருக்கட்டும். அது தானாகத் தணியும். ஆனால் அந்தக் கோபத்தில், இனித் தனியாகவே இருந்துவிடுவேன் என்று சபதம் எடுத்து அதற்குக் கொள்கை என்று பெயர் சூட்டாதீர்கள்.

இனி வரன் வந்தால், உங்கள் நிபந்தனைகளை முதல் சந்திப்பிலேயே அவரிடம் நேராகச் சொல்லுங்கள். ஐந்தாண்டு பழகிய பிறகு தெரிவதைவிட அது நல்லது. பெற்றோர் உங்களுக்கென்று சேர்த்த நகை ஏதும் இருந்தால் அது உங்களுடையதாகவே இருக்கட்டும். எத்தனை பவுன் என்று பெண் பார்க்க வருபவர்களிடம் சொல்ல வேண்டாமென்று அம்மாவிடம் இப்போதே பேசிவிடுங்கள்.