தலையில் அடிபட்ட பிள்ளை: முதலில் பள்ளி, அப்புறம் மைதானம்

கபடியில் என் மகனும் (13 வயது) இன்னொரு பையனும் தலை மோதிக்கொண்டார்கள். மயக்கம் இல்லை, ஸ்கேனும் நார்மல். ஆனால் மூன்று நாளாகத் தலைவலி, வெளிச்சம் கூசுகிறது என்கிறான். பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறானோ? (ஓர் அப்பா, திண்டுக்கல்)

அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், கன்கஷனை, அதாவது அடியில் மூளை குலுங்கிப் போவதை, காட்டாது. கன்கஷனில் மூளையின் அமைப்பு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், அது வேலை செய்யும் விதம்தான் கொஞ்ச நாளுக்குத் தடுமாறும். மயக்கம் போட்டால்தான் கன்கஷன் என்பதும் இல்லை. அறிகுறிகள் தாமதமாகவும் வரலாம். 2019 லார்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. பரிசோதனைகளில் தேறி, திரும்பி வந்து பேட்டிங்கும் செய்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும். அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் கிரிக்கெட்டில் கன்கஷனுக்காக இறங்கிய முதல் மாற்று வீரர் அவர்தான்.

அடிபட்டால் தூங்கவே விடக்கூடாது என்கிறார் மாமியார். ஒரு வாரம் இருட்டறையில் படுக்க வை என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் பழைய கதை. மருத்துவர் பார்த்து, ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டால் பிள்ளை நன்றாகத் தூங்கட்டும். முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டில் ஓய்வு, செல்போனும் டிவியும் குறைவாக. ஆனால் வீட்டுக்குள் நடக்கலாம், பேசலாம். அதற்கு மேலும் இருட்டறையில் படுக்கப் போட்டால் குணமாவதுதான் தள்ளிப்போகும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், கை கால் பலவீனம், குழறும் பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மகள் பத்தாம் வகுப்பு. சைக்கிளிலிருந்து விழுந்து ஐந்து நாள் ஆகிறது. அடுத்த வாரம் அரையாண்டுத் தேர்வு. எப்போது அனுப்பலாம்?

தலைவலி முழுசாகப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் வீட்டிலேயே இருபது நிமிடம் படிக்கட்டும். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேளுங்கள். படித்த பிறகு இரண்டு புள்ளி வரை கூடி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் நேரத்தைக் குறையுங்கள். அது பழகியதும் அரை நாள் பள்ளி, பிறகு முழு நாள். மருத்துவர் கடிதத்துடன் வகுப்பு ஆசிரியரைப் பார்த்துப் பேசுங்கள்: ஜன்னல் வெயில் படாத இடம், நடுவில் சிறு ஓய்வு, தோழியின் நோட்டைப் பார்த்து எழுத அனுமதி, வெயிலில் நிற்கும் பிரேயரும் பி.டி. வகுப்பும் வேண்டாம். டியூஷன் கடைசியில்தான். பள்ளி முடிந்து களைத்து வரும் பிள்ளையை அப்படியே டியூஷனுக்கு விரட்டுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

தேர்வா? அரையாண்டு பொதுத்தேர்வு இல்லையே, முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். அதைத் தாண்டினால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடிபட்டு நான்கு நாள்தான் ஆகிறது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு சனிக்கிழமை மாவட்டப் போட்டியில் ஆடலாம் என்கிறார் கோச்.

கூடாது. மாத்திரை வலியை மறைக்கும், மூளையைக் குணப்படுத்தாது. முழு நாள் பள்ளி, எந்த உதவியும் இல்லாமல் ஒழுங்காக நடக்கிறதா? அதற்குப் பிறகுதான் போட்டி பற்றிய பேச்சே. அதுவும் படிப்படியாக: நடை, மெது ஓட்டம், தனியாகப் பயிற்சி, மோதல் இல்லாத குழுப் பயிற்சி, முழுப் பயிற்சி, கடைசியில் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். மோதலுக்கு வாய்ப்புள்ள பயிற்சிக்கு முன் மருத்துவர் எழுதித் தர வேண்டும். முதல் அடி ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால் அபூர்வமாக மூளை வீங்கி உயிரே போகலாம். மாவட்டப் போட்டி அடுத்த வருடமும் வரும்.

நல்ல ஹெல்மெட் வாங்கினால் கன்கஷன் வராதுதானே?

வரலாம். மண்டை உடையாமல் ஹெல்மெட் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுசாகத் தடுக்காது. ஆனாலும் சைக்கிளுக்கும் கிரிக்கெட்டுக்கும் கட்டாயம் போடச் சொல்லுங்கள். தாடைப் பட்டையைப் பூட்டியிருக்கிறானா என்றும் பாருங்கள்.