விவாகரத்து ஆனாலும் வீட்டுக்கடனில் என் பெயர் போகுமா?

தக்கலையில் கணவரோடு சேர்ந்து கடன் வாங்கிக் கட்டிய வீடு, இப்போது பிரிகிறோம், அவரே தவணை கட்டுவதாகச் சொல்கிறார், நான் விலகலாமா என்று கேட்டிருக்கீங்க.

அவர் வாய்ச்சொல் வங்கியைக் கட்டுப்படுத்தாது. விவாகரத்துத் தீர்ப்பும் கட்டுப்படுத்தாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 43-வது பிரிவுப்படி, சேர்ந்து கடன் வாங்கியவர்களில் ஒருவரான உங்களிடமே வங்கி முழுத் தொகையையும் கேட்கலாம். அவர் தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் சரியும்.

முதலில் இரண்டு பேரும் கையெழுத்திட்டு, கடனை அவர் பெயருக்கு மட்டும் மாற்றும்படி வங்கியில் மனுக் கொடுங்க. அவர் சம்பளம் ஒன்றே தவணைக்குத் தாங்குமா என்று பார்ப்பார்கள். தாங்காவிட்டால் வேறொருவரை இணைக்கணும், இல்லையேல் வீட்டை விற்றுக் கடனை அடைக்கணும். மிதக்கும் வட்டிக் கடன் (வட்டி விகிதம் அவ்வப்போது மாறுவது) என்றால் முன்கூட்டி அடைக்க வங்கி அபராதம் வாங்கக் கூடாது.

வங்கி எழுத்தில் விடுவித்த பிறகே வீட்டில் உங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்க. வரிசை மாறினால் வீடும் போய் கடன் மட்டும் மிஞ்சும். தீர்ப்புக்கு முன்பே முடிப்பது நல்லது. குடும்பத்தினருக்கான முத்திரைத்தீர்வைச் சலுகை, பிரிந்தபின் சிக்கலாகலாம்.

நம்ம ஊரில் முன்பணம் பெரும்பாலும் பெண்ணின் நகைதான். விற்ற ரசீது, பாஸ்புக் பதிவு இருந்தால் எடுத்து வைங்க. பங்குத்தொகை பேசும்போது அதுதான் பேசும்.