முந்திரி போடாத மாவில் முந்திரி எப்படி வந்தது?

கேள்வி: டாக்டர், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து சத்துமாவு, கேழ்வரகு மாவு, பாதாம் மிக்ஸ், எள்ளுருண்டை செய்து இங்கேயும் பாண்டியிலும் கடைகளுக்குப் போடுகிறோம். போன வாரம் எங்கள் கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்த நான்கு வயதுப் பையனுக்குக் கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, இரண்டு முறை வாந்தி. வீட்டிலிருந்த அலர்ஜி சிரப் கொடுத்ததும் அடங்கிவிட்டதாம். அவனுக்கு முந்திரி ஆகாது என்கிறார் அவன் அம்மா. ஆனால் கேழ்வரகு மாவில் நாங்கள் வேறு எதுவும் போடுவதில்லை, சத்துமாவில்தான் முந்திரி. இரண்டையும் வறுத்து ஒரே மெஷினில் அரைக்கிறோம். தூசி அளவு ஒட்டினால்கூடவா ஆகும்? பாதாம் மிக்ஸ் குடித்தால் வயிறு உப்புகிறது என்று ஒரு பெரியவர் சொல்கிறார். கோதுமை ஆகாத ஒருவர் எங்கள் கேழ்வரகு மாவை வாங்கலாமா என்று கேட்கிறார். எல்லாம் ஒரே பிரச்சினைதானா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? – பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: முதலில் ஒரு வேலை. அந்தப் பையன் குடித்த மாவு எந்தத் தேதியில் அரைத்தது என்று பாக்கெட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அன்று அரைத்த கேழ்வரகு மாவு எந்தெந்தக் கடைக்குப் போனதோ அத்தனை பேருக்கும் போன் போட்டு இன்றைக்கே திரும்ப எடுத்துவிடுங்கள். பாக்கெட்டில் தேதியோ பேட்ச் எண்ணோ சரியாக இல்லை என்றால் கடையில் இருப்பது முழுவதையும் நிறுத்தி வைக்க வேண்டியதுதான். நஷ்டம்தான், தெரிகிறது, ஆனால் இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளை அதே மாவைக் குடித்துக்கொண்டிருக்கலாம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஆமாம் அம்மா, தூசி அளவு ஒட்டினாலும் ஆகும். கஞ்சியில் வேறு என்ன சேர்த்தார்கள், பால் ஊற்றினார்களா, அதற்கு முன் பையன் என்ன சாப்பிட்டான் என்பதையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் முந்திரி ஆகாத குழந்தை, கால் மணி நேரத்தில் உதடு வீக்கம், முந்திரி அரைத்த அதே மெஷின் என்று மூன்றும் சேரும்போது என் சந்தேகம் மெஷின் மேல்தான்.

எவ்வளவு சிறிய அளவு என்று சொன்னால்தான் இது புரியும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2021இல் ஒவ்வொரு அலர்ஜிப் பொருளுக்கும் ஓர் அளவு சொன்னது, அதாவது அந்த அலர்ஜி உள்ளவர்களில் 100க்கு 95 பேருக்கு வெளியே தெரியும்படி எதுவும் வராத அளவு. அலர்ஜியைக் கிளப்புவது புரதம்தான் என்பதால் அளவும் புரதக் கணக்கில்தான்: முந்திரிக்கு அவர்கள் சொன்னது 1 மில்லிகிராம் புரதம், வேர்க்கடலைக்கு 2. முந்திரியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் புரதம் இருக்கிறது, அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு முழு முந்திரியில் இருநூறில் ஒரு பங்குகூட வேண்டாம். இன்னொரு விதமாகச் சொல்கிறேன்: 10 கிலோ கேழ்வரகு மாவில் ஒன்றரை முந்திரி கலந்தால் போதும், கஞ்சிக்கு எடுக்கும் ஒவ்வொரு 25 கிராம் மாவிலும் அந்த 1 மில்லிகிராம் வந்துவிடும். உங்கள் மெஷினைக் கழற்றிப் பாருங்கள், சல்லடை ஓரத்திலும் மூடியின் உள்பக்கத்திலும் ஒன்றரை முந்திரிக்கு மேலேயே மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் சமமாகக் கலப்பதில்லை, சத்துமாவுக்கு அடுத்து முதலில் விழும் ஒன்றிரண்டு கிலோவில்தான் பெரும்பகுதி போய்ச் சேரும், அந்தப் பாக்கெட் யார் வீட்டுக்குப் போகிறது என்பது அவரவர் அதிர்ஷ்டம் என்று நாம் விட்டுவிட முடியாது.

நம் ஊரில் மில்லுக்கு மாவு அரைக்கப் போகிற யாரும் முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்காமல் டப்பாவைக் கொடுப்பதில்லை, மிளகாய் அரைத்திருந்தால் நாலு பேர் அரைக்கட்டும் என்று காத்திருப்பார்கள். முந்திரிக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும், ஆனால் மிளகாய் நாக்கில் காட்டிக்கொடுத்துவிடும், முந்திரி காட்டிக்கொடுக்காது. பண்ருட்டியும் விருத்தாசலமும் பக்கத்தில் இருக்கிற நம் மாவட்டத்தில் துண்டு முந்திரி மலிவாகக் கிடைப்பதால் அது எல்லாத் தின்பண்டத்திலும் நுழைகிறது, அதனால் இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

வறுத்தால் போய்விடாதா என்று நீங்கள் கேட்கலாம். போகாது. வறுப்பதில் கிருமிகள் சாகும், முந்திரியின் புரதம் சாகிற பொருள் இல்லை. அலர்ஜியைக் கிளப்பும் அந்தப் புரதங்கள் சூட்டையும் வயிற்று அமிலத்தையும் தாங்கும்படி இறுகக் கட்டப்பட்டவை, வேர்க்கடலையிலோ வறுத்தபின் வீரியம் கூடுவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. இதே காரணத்தால் சானிடைசர் தடவிய கையும் சுத்தமான கை ஆகாது, சோப்பும் தண்ணீரும்தான் புரதத்தைக் கையிலிருந்து அகற்றும்.

அப்படியானால் என்ன வழி? முடிந்தால் கேழ்வரகுக்கென்று தனியாக ஒரு சின்ன அரவை மெஷின் வாங்கிவிடுங்கள். உங்கள் வியாபாரத்துக்கு இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தோன்றவில்லை. அது இப்போதைக்கு முடியாது என்றால் வரிசையை மாற்றுங்கள், காலையில் சுத்தமான மெஷினில் முதலில் கேழ்வரகு, எல்லாம் முடிந்து பாக்கெட் ஒட்டி வேறு அறைக்குப் போன பிறகு கடைசியாக முந்திரி சேர்ந்த சத்துமாவு, அதற்கப்புறம் மெஷினைக் கழற்றிச் சுத்தம். சுத்தம் என்றால் புளோயர் வைத்து ஊதுவது இல்லை. அது ஒட்டியிருந்த தூளைக் காற்றில் கிளப்பி அறை முழுக்கப் படியவைக்கும். வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பிரஷ் போட்டு, கழற்ற முடிந்த பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். வெறும் கேழ்வரகைக் கொஞ்சம் ஓடவிட்டுக் கொட்டிவிடுவது உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சல்லடையைக் கழுவி முந்திரியை முழுவதும் எடுப்பது கஷ்டம், ஆகவே கேழ்வரகுக்கு வேறு சல்லடை, வேறு வறுக்கும் சட்டி, வேறு நிறத்தில் கரண்டியும் டப்பாவும் வைத்துவிடுங்கள், நிறம் வேறாக இருந்தால் அவசரத்திலும் கை தவறாது. முந்திரி வந்த சாக்கைத் திருப்பிப் போட்டு அதில் கேழ்வரகைக் கொட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது உங்களிடம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வேலைக்கு நடுவில் ஒரு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டு அதே கையால் பாக்கெட் போடுவதும் அப்படித்தான். மீந்த மாவையும் உடைந்த உருண்டையையும் அடுத்த நாள் எதில் கலக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், பெரிய கம்பெனிகளில்கூடத் தவறு நடக்கும் இடம் இது. அதே பொருளில்தான் திரும்பக் கலக்க வேண்டும், வேறு எதிலும் கூடாது.

நீங்கள் செய்த சுத்தம் போதுமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுத்தம் செய்தபின் அரைத்த முதல் மாவில் ஒரு மாதிரியை உணவுப் பரிசோதனை லேபுக்கு அனுப்பி முந்திரிப் புரதம் இருக்கிறதா என்று எலைசா முறையில் (குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பார்க்கும் சோதனை) பார்க்கச் சொல்லுங்கள். எல்லா லேபிலும் செய்வதில்லை, கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு கைப்பிடி மாவைத் தேதி எழுதி எடுத்துவைத்தால், இப்போது வந்தது மாதிரி ஒரு புகார் வரும்போது சோதித்துப் பார்க்க ஏதாவது கையில் இருக்கும்.

லேபிள் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை, பார்லி போன்ற தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்ஃபைட் (உணவு கெடாமல் இருக்கச் சேர்ப்பது) ஆகியவை இருந்தால் பாக்கெட்டில் சொல்லியே ஆக வேண்டும். கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்றால் அதையும் தனியாக எழுதிவிடுங்கள். எள் இந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் எள்ளுக்கும் கடுமையான அலர்ஜி வரும், அமெரிக்காவில் 2023 முதல் அதைச் சொல்வது கட்டாயம், அதனால் எள்ளுருண்டை செய்யும் நீங்கள் சட்டம் கேட்காவிட்டாலும் எழுதிவிடுங்கள். இங்கிலீஷில் எழுதினால் சட்டத்துக்குப் போதும், சிதம்பரத்திலோ நெல்லிக்குப்பத்திலோ ஒரு பாட்டி அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கிறபோது அது போதாது, ஆகவே தமிழிலும் பெரிதாகப் போடுங்கள்: “முந்திரி, பாதாம், எள் கையாளும் இடத்தில் அரைத்தது, கலந்திருக்கலாம்.” இதை எழுதிவிட்டோம் என்று மெஷினைக் கழுவாமல் விடக்கூடாது. பச்சைப் புள்ளி இருக்கிறதே, பயமில்லை என்று நினைக்கும் தாய்மார்கள் நிறைய. பாலும் முந்திரியும் சைவம்தான், பச்சைப் புள்ளிக்கும் அலர்ஜிக்கும் சம்பந்தமே இல்லை.

பாதாம் மிக்ஸ் குடித்து வயிறு உப்பும் பெரியவர் கதை வேறு. அவருக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் என்ஸைம் வயதோடு குறைந்திருக்கலாம். இது அலர்ஜி இல்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை, அளவைப் பொறுத்தது. பெரும்பாலானோர் ஒரு வேளைக்குச் சுமார் 12 கிராம் லாக்டோஸ் வரை தாங்குவார்கள், ஒரு தம்ளர் பாலிலேயே பத்து கிராம் அளவுக்கு வந்துவிடும், அதில் பால் பவுடர் போட்ட மிக்ஸையும் கரைத்தால் எல்லை தாண்டுகிறது. அரைத் தம்ளராகச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கச் சொல்லுங்கள், தயிரும் மோரும் அவருக்கு ஒத்துக்கொள்ளும். புதிதாக ஆரம்பித்து எடை குறைகிறது, மலத்தில் ரத்தம் வருகிறது என்றால் மட்டும் லாக்டோஸ் என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பார்க்கட்டும். ஆனால் பால் புரதமே ஆகாத குழந்தைக்கு இந்த யோசனை எதுவும் பொருந்தாது, லாக்டோஸ் நீக்கிய பால்கூட அதற்குக் கூடாது.

கோதுமை ஆகாதவரிடம் அது ஏன் ஆகாது என்று முதலில் கேளுங்கள். அவருக்கு சீலியாக் நோய், அதாவது குளூட்டன் சிறுகுடலைப் புண்ணாக்கும் நோய், என்றால் இப்போதைக்கு உங்கள் மாவை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது. கேழ்வரகில் குளூட்டன் கிடையாது, சத்துமாவில் கோதுமையும் பார்லியும் சேர்த்தால் அதே மெஷின் வழியாக வந்துவிடும். குளூட்டன் இல்லை என்று போட கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, சோதிக்காமல் அந்த வார்த்தையை அச்சடிக்காதீர்கள். இதில் எனக்குக் கவலை தருவது, சீலியாக் உள்ளவருக்கு உதடு வீங்காது, பலருக்கு வயிறுகூட வலிக்காது, உள்ளே சிறுகுடல் மாதக்கணக்கில் புண்பட்டுக்கொண்டே இருக்கும். உங்களுக்குப் புகாரே வராது. (அவரிடம் கூட்டுப் பெருங்காயம் பற்றியும் சொல்லுங்கள், பலவற்றில் மைதா சேர்க்கிறார்கள், சாம்பாரில் தினமும் போகும்.)

இனி அந்தப் பையன். இந்தப் பகுதியை அவன் அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். உடம்பு தடிப்பதோடு வாந்தியும் சேர்ந்து வந்தால் அது சாதாரண அரிப்பு இல்லை, அனஃபைலாக்ஸிஸ் என்ற கடும் அலர்ஜியாகவே நாங்கள் எடுத்துக்கொள்வோம். சிரப் கொடுத்து அடங்கியது என்று நிம்மதி அடைய வேண்டாம், சிரப் அரிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாயையும் ரத்த அழுத்தத்தையும் காப்பாற்றாது. அதற்கு உள்ள மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும். மறுபடி இப்படி வந்தால் 108ஐ அழைத்து, பையனைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சுத் திணறினால் உட்காரவைத்து, எதற்கும் நடக்கவிடாமல் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே போனதும் அட்ரினலின் போடுங்கள் என்று பெற்றோரே கேட்கலாம், தப்பில்லை. சரியானதாகத் தோன்றினாலும் சில மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும், அடங்கிய அலர்ஜி மறுபடி எழும்புவது உண்டு. பையனுக்கு வீசிங் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

இப்போது ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டி, தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ ஐஜிஇ (இந்த வகை அலர்ஜியை உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) ரத்தப் பரிசோதனையோ செய்துகொள்ளட்டும். தோல் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே அலர்ஜி சிரப்பை நிறுத்த வேண்டும், எத்தனை நாள் என்று அவர்களே சொல்வார்கள். நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விற்கும் ஐஜிஜி (இது வேறு எதிர்ப்புப் பொருள்) பேக்கேஜில் பணம் போட வேண்டாம், அது அலர்ஜியைக் கண்டுபிடிக்காது, பிள்ளையின் தட்டிலிருந்து நல்ல உணவைத்தான் எடுத்துவிடும். வீட்டில் கொஞ்சம் முந்திரி கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். முந்திரி ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பிஸ்தாவும் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள், ஆகவே பரிசோதனை முடிகிறவரை பிஸ்தா ஐஸ்கிரீமும் வேண்டாம்.